மேல் பலகை

துணி துவைத்துப் பிழைக்கிறவர், வாசல் தேடி வந்த துணியை வாங்காமல் திருப்பி அனுப்புவாரா? எங்கள் தெருவில் ஒருவர் அனுப்பினார். "அப்புறம் கொண்டாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பார். அதனால் அவருக்கு அப்புறம் தாத்தா என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவன் நான்தான். பக்கத்துக் கடைக்காரனுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் அது என்ன பக்கத்துக் கடை?

என்னுடையது செருப்பு தைக்கும் கடை. அவருடையது சலவைக் கடை. நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவர் பக்கம் ஈரத்துணி கல்லில் விழும் சத்தம், என் பக்கம் சுத்தியல் சத்தம். ஒருவர் சத்தம் நின்றால் இன்னொருவர் எட்டிப் பார்ப்போம். அவர் என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன். அவருடைய மகள் என்னைச் சித்தப்பா என்பாள். பேத்திக்கு நான் சின்னத் தாத்தா. கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்கு இவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை அந்தப் பக்கம் சத்தம் வரவில்லை.

நல்ல மழைக்காலம். சலவைக்காரர்களுக்கு அது ஆகாத காலம். பின்கட்டில் தகரக் கூரையின் கீழே கொடி கொடியாகத் துணி தொங்கும், ஒன்றும் காயாது. வீடு முழுக்க ஈர வாடை அடிக்கும். குளிர் ஆரம்பித்தால் பெரியவருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. மகள் தினமும் காலையில் அவர் கழுத்திலும் தோளிலும் தைலம் தேய்த்துவிடுவாள். பல்வலிக்கு எப்போதும் கடைவாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார். கடைக்குள் நுழைந்தால் சோப்பு, கஞ்சி எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கிராம்பும் தைலமும்தான் முதலில் மூக்கில் ஏறும். அவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே போயிருக்கிறாரா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

எட்டிப் பார்த்தேன். இஸ்திரி மேசைக்கு முன்னால் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். அவர் தலை மகளின் தோளில் சாய்ந்திருந்தது. அவள் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நின்றாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"பேசாதீங்க சித்தப்பா. அப்பா வேண்டிக்கிட்டிருக்காரு."

தினமும் வேலை தொடங்கும் முன் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் அந்த மேசைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். மேசை சூடேறும் முன்னே அது நடந்தாக வேண்டும். ஒரு மாதமாக நடக்க முடியாமல் போன பிறகும் விடவில்லை. மகள் கைத்தாங்கலாக அழைத்துவந்து நிறுத்துவாள். அன்று ஒரு கை மட்டும்தான் மேசைமேல் இருந்தது. இன்னொரு கை நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக நான் பார்த்திருக்கிறேன், ஒற்றைக் கையால் அவர் வேண்டிக்கொண்டதே இல்லை.

"அம்மாடி," என்றேன். "அவரைக் கொஞ்சம் எங்கிட்ட குடு."

"முடியட்டும் சித்தப்பா. இன்னிக்குக் கொஞ்சம் நீளமா வேண்டிக்கிறாரு."

"முடிஞ்சுபோச்சுடா."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. ஆயுசு முழுக்க ஈரக் கம்பளி பிழிந்து உரமேறிய கை அவளுடையது. காய்ந்து சுருங்கிப்போன ஒரு கிழவரின் கனம் அந்தக் கைக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் செத்த பிறகும் அவரை நிற்க வைத்துக்கொண்டு, அவருடைய வேண்டுதல் கலைந்துவிடக் கூடாதே என்று மூச்சடக்கி நின்றிருக்கிறாள். நான் அவரைத் தாங்கிக்கொண்டபோது அவர் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவள் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால் பெரியவரோடு நாள்தோறும் சண்டைதான்.

"என்னண்ணே, இன்னிக்கு யாருக்கு சிபாரிசு?" என்று கேட்பேன்.

"நீலக் கோட்டுக்கு இருமல் நிக்கணும்னு கேட்டேன். கைக்குட்டையில ரத்தம் இருந்துச்சு. அப்புறம் அந்தச் சின்னப் பூப்போட்ட கவுனு. இந்த மாசமும் இடுப்பு பெருக்கலப்பா. ரெண்டு வருஷமா அதே அளவுதான். ஒரு குழந்தை குடுன்னு கேட்டேன்."

"ஆளுங்களுக்குப் பேரு இல்லையா? உங்க கடவுள் யாருன்னு கண்டுபிடிப்பாரு?"

"எனக்குச் சட்டைதான் தெரியும். அவருக்கு ஆளைத் தெரியும். எங்களுக்குள்ள அது ஒத்துப்போகுது, நீ ஏன் நடுவுல வர்றே?"

"எனக்கு எதுவும் கேக்கலையா? நான்தான் துணி போடுறதில்லையே."

"கஞ்சப்பய, நீயே அலசிக்கிற. சுவத்துக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நிக்காம இருக்கணும்னு தினமும் கேக்குறேன். அது போதாதா உனக்கு?"

நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எனக்காக ஒரு ஆள் தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருந்தார், நான் அதைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் பெண்டாட்டி சீக்கிரமே போய்விட்டாள். ஒரே மகள். அந்த மகளின் புருஷன், பெண் குழந்தை நடக்கப் பழகும் முன்பே வேறு ஊரில் வேறு வீடு பார்த்துக்கொண்டான். பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் விட்டுப்போன சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அவன் இருக்கும் ஊருக்கே அனுப்பினார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. "தேச்சு வேற அனுப்புறீங்களா? மூஞ்சில விட்டெறிய வேண்டாமா?" என்றேன். "துணி என்னப்பா பண்ணுச்சு," என்றார்.

பேத்தியை வளர்த்தது அவர்தான். மகள் வெந்நீர் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். குழந்தை, தேய்த்த துணிக் கூடையில் கதகதப்பாகத் தூங்கும். கொஞ்சம் பெரியவளானதும் அவர் நின்று தேய்க்கும்போது காலைக் கட்டிக்கொண்டு சட்டை நுனிக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகும்போது அவள் பாவாடை மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். ரிப்பனைக்கூடத் தேய்த்துத்தான் கட்டுவார். "அண்ணே, புள்ளையையும் மடிச்சுக் காகிதம் சுத்தி அனுப்பிடுங்க," என்பேன். அவள் பெரியவளாகி, நகரத்தில் வேலைக்குப் போனபோது, பெட்டியில் அவருடைய பழைய துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். அழுக்குத் துண்டு. துவைத்துத் தருகிறேன் என்று அம்மா பிடுங்கினாள். பெரியவர்தான் விடச் சொன்னார். "அவளுக்கு அது அழுக்கில்ல," என்றார். அங்கே அறையில் கூடத் தங்கியிருந்த பெண் நல்லெண்ணத்தில் ஒரு நாள் அதையும் சேர்த்துத் துவைத்துப் போட்டுவிட்டாளாம். பேத்தி தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அழுதாள். இருபது வயசு தாண்டிய பெண், ஒரு துண்டுக்காக அப்படி அழுதாள்.

இனி அந்த "அப்புறம்" விஷயம்.

கடையில் எல்லாத் துணியும் சீட்டுக் கட்டிக்கொண்டு வரும், சீட்டைக் கொடுத்தால் போகும். ஒரே ஒரு வகைத் துணியை மட்டும் அவர் சுலபத்தில் தொட மாட்டார். வீட்டில் யாராவது இறந்துபோனால், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அவர்கள் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு யாராவது வருவார்கள். வீட்டைச் சுத்தம் பண்ணினால் மனசும் சுத்தமாகிவிடும் என்று ஒரு நினைப்பு. "இப்ப வேண்டாம். அப்புறம் கொண்டாங்க," என்பார். கேட்காமல் போட்டுவிட்டுப் போனால், சீட்டுக் கட்டாமல் சுவரோரம் இருக்கும் மேல் பலகையில் தூக்கி வைத்துவிடுவார். துவைக்க மாட்டார். நாலு தெரு தள்ளி இன்னொரு சலவைக் கடை வந்தபோது பலபேர் அங்கே போனார்கள். மகளுக்குக் கோபம் வரும். "வியாபாரம் பண்றோமா, இல்ல பாடம் நடத்துறோமா?" என்று பானையை நங்கென்று வைப்பாள்.

ஆனால் சிலர் ஓடி வருவார்கள். மூச்சிரைக்க, செருப்புகூடப் போடாமல். "ஐயா, அன்னிக்குப் போட்ட சட்டை... துவைச்சிட்டீங்களா?" என்பார்கள். அவர் முக்காலி போட்டு ஏறி மூட்டையை எடுத்துக் கொடுப்பார். அங்கேயே பிரித்து, அங்கேயே முகத்தில் அழுத்திக்கொண்டு நிற்பார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவர் மாதிரி விறைப்பாக இருக்கும் ஒரு மனிதர், பெண்டாட்டியின் சமையலறைத் துணியை அப்படி வைத்துக்கொண்டு என் கடை வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான் அப்போதுதான் கடை போட்டிருந்தேன். ஒரு பெண் வந்து, கைக்குழந்தையின் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். மஞ்சள் சட்டை. நெஞ்சில் பெரிய பால் கறை, காய்ந்து ஓரம் பழுத்துப்போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பால் கறை லேசில் போகாது. இவருக்கு அப்போது இளரத்தம், தொழிலில் கர்வம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, மாற்றி மாற்றி அலசி, நிழலில் உலர்த்தி, கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி ஆக்கிவிட்டார். அவள் வந்ததும் என்னையும் கூப்பிட்டார். "பாத்தியா கைவேலையை" என்று காட்டத்தான். அவள் சட்டையை வாங்கினாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இங்கதானே இருந்துச்சு," என்றாள். விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இங்கதானே இருந்துச்சு." குழந்தை போய்விட்டது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இவர் அன்றைக்கு முழுக்கக் கல்லில் துணி அடிக்கவில்லை. அதன் பிறகு அவர் காலையில் வேண்டிக்கொள்ளும்போது முதலில் வருவது அந்த மஞ்சள் சட்டைதான். அவளுக்கு அப்புறம் நாலு பிள்ளைகள் பிறந்து, அதுகளுக்கும் கல்யாணம் ஆன பிறகும் மஞ்சள் சட்டைதான் முதலில்.

இதெல்லாம் மகளுக்கும் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நானும் எதிர் பேக்கரிக்காரரும் பெரியவரைக் குளிப்பாட்டினோம். நல்ல சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுச் சட்டை மாட்டி, மேல் பலகை இருக்கும் முன்னறையில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தோம். கழற்றிய சட்டையை நாற்காலி முதுகில் போட்டிருந்தேன். மகள் வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அழவில்லை. நாற்காலியிலிருந்த சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பி, கட்டைவிரலால் அழுக்கு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தபடியே பின்கட்டுக்குப் போனாள். எந்த வாடிக்கையாளர் சட்டையையும் அப்படித்தான் பார்ப்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேத்திக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். எதிர்முனையில் மழைச் சத்தம் கேட்டது. அங்கேயும் மழை.

"பஸ்ஸு பிடிச்சு சாயங்காலத்துக்குள்ள வந்துடுறேன் சின்னத் தாத்தா," என்றாள். "குளிப்பாட்டிட்டீங்களா?"

"ஆச்சுடா கண்ணு. நல்லபடியா பண்ணிட்டோம்."

"அவரு போட்டிருந்த சட்டை?"

"இருக்கு."

"அதை அப்படியே வைங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். வீடு வேண்டாம், எதுவும் வேண்டாம். அந்தச் சட்டையை மட்டும் துவைச்சிடாதீங்க. அம்மாகிட்ட சொல்லுங்க. சொல்றீங்களா?"

"நான் பாத்துக்குறேன். நீ பத்திரமா வா."

சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். போனால், கொடியெல்லாம் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, துண்டு, பனியன், குல்லாய், மூட்டுக்குச் சுற்றும் துணிப்பட்டை. ஒரு மனிதர் இந்த வீட்டில் இருந்ததற்கு என்னவெல்லாம் அடையாளமோ அத்தனையும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ரப்பர் முன்துணியைக் கட்டியபடியே இஸ்திரி மேசை முன்னால் நின்றாள். மழையில் காயாதென்று சட்டையைத் தேய்த்தே உலர்த்தப் போகிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் சூடான பெட்டி காலர்மேல் இறங்கியது. புஸ்ஸென்று ஆவி எழும்பியது.

அந்த ஆவியில் அவர் வந்தார். பொய் சொல்லவில்லை, கிராம்பும் தைலமும் அப்படியே எழும்பி எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவர் உள்ளே நுழைந்தது மாதிரி இருந்தது. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். அதற்குள் தகரக் கூரைப் பக்கம் போய்விட்டது.

அவள் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பிறகு குனிந்து சட்டையை முகர்ந்தாள். காலரை, கையை, அக்குளை. சோப்பு வாடைதான்.

"சித்தப்பா," என்றாள். "நான் என்ன பண்ணிட்டேன்?"

பேத்தி கேட்டதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாயங்காலம் அந்தப் பெண் வந்து கேட்கத்தானே போகிறாள்?

"துவைக்கணும்னு நினைக்கவே இல்ல சித்தப்பா. கை தானா போயிடுச்சு. ஒண்ணை ஊறப் போட்டேன், அடுத்ததை எடுத்தேன், அடுத்ததை எடுத்தேன். எங்கப்பா ஊருக்கெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு சொன்னாரே... அவரு துணிய நானே..."

பிறகு இரண்டு பேரும் வீடு முழுக்கத் தேடினோம். மெத்தைக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், அலமாரி அடியில். சலவைக்காரர் வீடு. அழுக்குத் துணி என்று ஒன்று அந்த வீட்டில் ஒரு நாளும் தங்கினதே கிடையாது. தைல சீசா இருந்தது. கிராம்பு டப்பா இருந்தது. தனித்தனியாக முகர்ந்து பார்த்தால் கடைச்சரக்கு வாடைதான், அவர் இல்லை.

"செருப்பு இருக்கு," என்றேன். நான் தைத்துக் கொடுத்த செருப்பு.

"எம் பொண்ணைச் செருப்ப மோந்து பாக்கச் சொல்றீங்களா?"

"அதுவும் அவரு போட்டதுதானேம்மா."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு முகம் கோணிக்கொண்டது, ஆனாலும் அழுகை வரவில்லை. சுவரில் மோதிக்கொள்கிறாளோ என்று பயந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

பேக்கரிக்காரம்மா ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்தாள். நல்ல மனசு, ஆனால் வாய் ஓயாது. "காலையிலேருந்து அதே கோலத்துல நிக்கிறியே. அந்த ஸ்வெட்டரைக் கழட்டு. சுடுதண்ணி போட்டுத் தர்றேன், குளிச்சிட்டு வேற மாத்திக்க. ஆளுங்க வருவாங்க," என்றாள். மகள் காதில் வாங்கவில்லை. மதியம் பேக்கரிக்காரம்மா மறுபடி வந்து சொன்னாள். நானும் சேர்ந்துகொண்டு, "போம்மா, குளிச்சிட்டு வா, உடம்புக்காவது நல்லது," என்றேன். "பாக்கலாம்," என்றவள் எழுந்திருக்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நீலக் கோட்டு வந்தது, பூப்போட்ட கவுனு வந்தது. நாலு பெரிய பிள்ளைகளோடு ஒரு வயசான அம்மாள் வந்து, கட்டிலின் காலைத் தொட்டுவிட்டு நின்றாள். தங்களுக்காகத் தினமும் யார் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லலாமா என்று பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவன் சொன்னால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

வெளிச்சம் மங்கும் முன்பே பேத்தி வந்துவிட்டாள். நனைந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போய் மண்டியிட்டுத் தாத்தாவின் நெஞ்சில் முகத்தை வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். தலையைத் தூக்கியபோது அவள் கண்ணில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. நாங்கள்தான் அவ்வளவு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருந்தோமே.

வந்தவர்கள் ஒதுங்கி வெளியே போனார்கள். நானும் எழுந்தேன். "நீங்க இருங்க சித்தப்பா," என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, சட்டை?"

மகள் மடியிலிருந்ததை நீட்டினாள். தேய்த்து, மடித்து, காலர் மடங்காமல் உள்ளே அட்டை வைத்து, காகிதம் சுற்றி. கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது போலவே இருந்தது. காகிதத்தைப் பார்த்ததுமே பேத்திக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரித்தாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள். காலரைத் திருப்பினாள், கையை உள்பக்கம் திருப்பினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மஞ்சள் சட்டையை அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தது அப்படியே கண்முன் வந்தது.

"துவைச்சிட்டே."

"ஆமாடி."

"சின்னத் தாத்தா சொல்லலையா?"

"சொன்னாரு. அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு."

"எவனெவனோ சட்டையெல்லாம் இந்த மேல் பலகையில இருக்கேம்மா!" அவள் குரல் உடைந்தது. "செத்துப்போனது யாருன்னே தெரியாத துணியெல்லாம் தாத்தா பத்திரமா வச்சிருக்காரு. அவரோடது ஒண்ணு, ஒரே ஒண்ணு, உன்னால வைக்க முடியலையா? ஒரு நாள்? ஒரே ஒரு நாள் சும்மா இருக்க முடியலையா உனக்கு?"

"முடியலடி." மகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு உன்னை மாதிரி அழத் தெரியல. துவைக்கத்தான் தெரியும். இவரு உசுரு போனப்பக்கூட எனக்குத் தெரியல. மேசை முன்னால கொண்டுபோய் நிறுத்தினேன். கை வச்சாரு. வாய்க்குள்ள ஏதோ சொன்னாரு. அப்புறம் எந்தோள்ல சாஞ்சாரு. சரி, களைப்பா இருக்கு, சாயட்டும்னு பிடிச்சுக்கிட்டேன். கழுத்துல மூச்சு பட்டுச்சு. அப்புறம் படல. வேண்டிக்கிறாரு, மூச்சை அடக்கியிருக்காருன்னு நினைச்சேன். எங்கப்பாவ செத்தப்புறமும் பிடிச்சுக்கிட்டு நின்னேன்டி. என்ன முட்டாளு பாரு நானு. எவ்ளோ நேரம் நின்னேன்னுகூடத் தெரியல..."

பேத்தி சட்டையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எந்தத் தோள்?"

"என்னது?"

"எந்தத் தோள்ல சாஞ்சாரு?"

மகள் யோசித்து, வலது கையால் இடது தோளைத் தொட்டாள்.

"இந்த ஸ்வெட்டர்தானா? காலையில?"

"ஆமா. மாத்தவே இல்ல. எல்லாரும் குளி குளின்னாங்க..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

பேத்தி முழங்காலிட்டபடியே நகர்ந்து வந்தாள். அம்மாவின் இடது தோளில், கழுத்து ஓரமாக, முகத்தை வைத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையாக அவர் காலைக் கட்டிக்கொண்டு சட்டை நுனிக்குள் எப்படி மூஞ்சியைப் புதைப்பாளோ, அப்படியே புதைத்துக்கொண்டாள்.

"இருக்காரு," என்றாள். "அம்மா, இங்க இருக்காரு."

மகளால் தன் தோளைத் தானே முகர முடியவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேத்தி மெதுவாக ஸ்வெட்டர் கழுத்தை இழுத்து அவள் மூக்குக்குக் கொண்டுவந்தாள். அப்போதுதான், காலையிலிருந்து முதல் தடவையாக, "அப்பா!" என்று அவள் வாய்விட்டு அலறினாள். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி என் கடைவரை போயிருக்கும். நான் அங்கேயே நின்று அழுதேன். நன்றாக அழுதேன், ஒளிக்கவில்லை.

பிறகு பேத்தி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள், ஒரு குழந்தைக்குக் கழற்றுவது போலப் பார்த்துப் பார்த்து. தோள் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினாள். சீட்டுக் கட்டவில்லை. முக்காலி போட்டு ஏறினாள். மேல் பலகையில் ஏற்கெனவே இருந்த மூட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். பேக்கரிக்காரம்மாதான். கையில் ஆவி பறக்கும் வெந்நீர்ப் பாத்திரம், தோளில் மாற்றுத் துணி.

"இப்பவாவது குளிக்கட்டுமே," என்றாள். "அந்தப் பழைய ஸ்வெட்டரக் குடுங்க. எங்க வீட்டுத் துணியோட சேத்து நானே அலசிப் போட்டுடுறேன்."

நான் குறுக்கே போய் நிலைப்படியில் நின்றுகொண்டேன்.

"இப்ப வேண்டாம்மா," என்றேன். "அப்புறம்."